கணினி அறை முகிலேறிய கதை

நுழையும்முன்

கைப்பேசி தொலைந்துபோகிறது, புதிய கைப்பேசி வாங்குகிறோம். கடவுச்சொல்லை உள்ளிட்டவுடன் பழைய ஒளிப்படங்கள் யாவும் அதில் வந்து நிற்கின்றன. அவை இத்தனை நாளும் எங்கிருந்தன என்று கேட்டால் 'மேகத்தில்' என்கிறோம். உண்மையில் அவை ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட கட்டடம் ஒன்றில், வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளில் இருந்தன. ஒளிப்படங்களை அவ்வாறு ஒப்படைப்பது எளிது. ஒரு நிறுவனம் தன் கணக்கையும் வாடிக்கையாளர் விவரத்தையும் வணிகம் முழுவதையும் பிறருடைய கணினிகளில் ஒப்படைப்பது எளிதன்று. அதற்கு முதலில் துணிந்தோர் யாவர், துணிந்ததனால் அவர்கள் அடைந்தது என்ன, ஒப்படைத்தபின்னும் அவர்கள் தோளிலேயே எஞ்சிய சுமை எது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயர் வந்த வழி

முகில், கொண்மூ, எழிலி, கார், மஞ்சு என மேகத்திற்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. கணினித் துறையினர் தம் தொழில்நுட்பத்திற்கு மேகத்தின் பெயரைச் சூட்டியதற்குக் கவிதையுணர்வு காரணமன்று. வரைபடம் வரைவதில் இருந்த வசதியே காரணம். வலையமைப்பின் வரைபடத்தை வரையும் பொறியாளர், தம் அலுவலகத்துக் கணினிகளை ஒவ்வொன்றாக வரைந்து கோடுகளால் இணைப்பார். அலுவலகத்துக்கு வெளியே பரந்து கிடக்கும் தொலைபேசி வலையமைப்பையோ இணையத்தையோ அவ்வாறு வரைய இயலாது. வரைய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஆகவே, மேகம் போன்ற ஓர் உருவத்தை வரைந்து, கோட்டை அதனுள் செலுத்தி நிறுத்திவிடுவார். 'இதனுள் நடப்பது நம் கவலையன்று' என்பது அக்குறியின் பொருள். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கூகுள் நிறுவனத் தலைவர் எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டில் இச்சொல்லைப் பயன்படுத்தியபின் அது தொழிலுலகில் பரவலாயிற்று. தமிழில் 'மேகக் கணிமை' என வழங்குகிறோம். பெயருக்குள் ஒளிந்திருக்கும் 'நம் கவலையன்று' என்னும் எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பின்னர்க் காண்போம்.

பூட்டிய அறை

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓரளவு பெரிய நிறுவனம் ஒவ்வொன்றிலும் பூட்டிய அறை ஒன்று இருந்தது. உள்ளே இரும்புச் சட்டங்களில் சேவையகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். பிற கணினிகள் கேட்கும் தரவுகளை எடுத்து வழங்குவதையே வேலையாகக் கொண்ட கணினி சேவையகம் எனப்படும். இரவும் பகலும் ஓயாத குளிரூட்டி, மின்தடையைத் தாங்கும் மின்கல அடுக்கு, நாள்தோறும் தரவுகளைக் காந்த நாடாவில் படியெடுத்து வேறிடத்தில் கொண்டுபோய் வைக்கும் ஊழியர் என அவ்வறைக்குத் தனி உலகமே உண்டு. அதனைப் பேணியவர்களே தகவல் தொழில்நுட்பப் பிரிவினர்.

அவர்களுக்கு இருந்த பெருந்தொல்லை இயந்திரம் பழுதாவதன்று; எத்தனை இயந்திரம் வாங்குவது என்பதே. பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஆளரவமற்றுக் கிடக்கும் இணையத்தளத்தை அன்று ஒரே மணி நேரத்தில் இலட்சக்கணக்கானோர் திறக்கின்றனர். அந்த ஒரு மணி நேரத்தைக் கருதிக் கணினிகளை வாங்கினால், ஏனைய நாள்களில் அவை வீணே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். சராசரி நாளைக் கருதி வாங்கினால், முக்கியமான அன்றைய நாளில் தளம் நின்றுவிடும். பண்டிகைக்கால வணிகத்தை நம்பிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் இந்த இக்கட்டில் சிக்கின. கூடுதலாக ஒரு சேவையகம் வேண்டுமெனில் நிதி ஒதுக்கீடு, ஒப்புதல், விலைப்புள்ளி கோரல், வந்திறங்கல், நிறுவுதல் என வாரங்களும் மாதங்களும் கரைந்தன. அதற்குள் அதற்கான தேவையே மறைந்துவிடுவதும் உண்டு.

இந்தச் சிக்கலுக்கு நம் வீடுகளில் நெடுங்காலமாக விடை இருக்கிறது. நால்வர் வாழும் வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாவை யாரும் வாங்கி வைப்பதில்லை. திருமணம் வந்தால் பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுக்கிறோம். மறுநாள் கழுவித் திருப்பித் தருகிறோம். அதே அண்டா அடுத்த முகூர்த்தத்தில் வேறொரு வீட்டில் அடுப்பேறுகிறது. எல்லார் வீட்டுத் திருமணமும் ஒரே நாளில் வருவதில்லை என்பதுதான் கடைக்காரருடைய பிழைப்பின் அடிப்படை. மேகக் கணிமையின் பொருளியல் அடிப்படையும் அதுவே.

மின்சாரம் காட்டிய வழி

கணினியை வாடகைக்குப் பெறலாம் என்ற எண்ணம் புதியதன்று. 1961ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விநிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசிச் சேவையைப் போலவே கணினி ஆற்றலும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்றார். அந்தப் பத்தாண்டிலேயே பெரிய கணினி ஒன்றைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தும் முறை வணிகமாயிற்று. பின்னர்க் கணினிகள் மலிவாகின. ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ள முடிந்ததால் பகிர்வின் தேவை குறைந்தது.

மின்சாரத்தின் வரலாறும் இத்தகையதே. 1882ஆம் ஆண்டு நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின்னும் நெடுங்காலம் பல தொழிற்சாலைகள் தமக்கென மின்னாக்கிகளை வைத்திருந்தன. பிறர் அனுப்பும் மின்சாரத்தை நம்பித் தொழில் நடத்துவது அன்று அறிவீனமாகத் தோன்றியிருக்கும். இந்த ஒப்புமையை நிக்கோலஸ் கார் என்னும் எழுத்தாளர் 2003ஆம் ஆண்டு மே மாத ஹார்வர்டு வணிக இதழில் கூர்மையாக முன்வைத்தார். இரயிலும் மின்சாரமும் எல்லார்க்கும் பொதுவானபின் அவற்றால் எந்த நிறுவனமும் மற்றொன்றை முந்த இயலாமற்போயிற்று. தகவல் தொழில்நுட்பமும் அந்நிலையை எட்டிவிட்டது. ஆகவே, நிறுவனங்கள் அதற்குப் பணத்தை வாரி இறைக்காமல், செலவையும் இடரையும் கட்டுப்படுத்துவதில் கருத்தூன்ற வேண்டும் என்பது அவருடைய வாதம். கணினித் துறையில் பெருஞ்சினம் எழுந்தது. அவர் கூற்றில் மிகை இருந்தது என்பது உண்மையே. எனினும் மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்தவை அக்கூற்றைப் புறந்தள்ள முடியாமற் செய்தன.

மணிக்குப் பத்து சென்ட்

2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், புத்தக விற்பனையால் பெயர்பெற்ற அமேசான் நிறுவனம் 'எஸ்3' என்னும் சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஒரு கிகாபைட் தரவை ஒரு மாதம் வைத்திருக்கக் கட்டணம் 15 சென்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ஈசி2' என்னும் சேவை சோதனை நிலையில் வெளிவந்தது. இது கணினியையே வாடகைக்குத் தந்தது. கட்டணம் மணிக்கு 10 சென்ட். இச்சேவையை உருவாக்கிய குழுவின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி. பண்டிகைக்காலம் முடிந்தபின் சும்மா கிடந்த கணினிகளை அமேசான் வாடகைக்கு விட்டது என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் அதனை வெளிப்படையாக மறுத்துள்ளார்.

இங்கு வாடகைக்குக் கிடைப்பது தனிக் கணினி அன்று. ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக் கணினி போலவே இயங்குமாறு செய்கின்றனர். இதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர். வேண்டும்போது சில நிமிடங்களில் ஒரு கூறு பிறக்கிறது, வேண்டாதபோது மறைகிறது. கடன் அட்டை ஒன்று இருந்தால் போதும். ஒப்பந்தமோ ஒப்புதலோ விலைப்புள்ளியோ தேவையில்லை.

இதன் ஆற்றலை முதலில் உணர்த்தியவற்றுள் ஒன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ். 1851இல் தோன்றிய அவ்விதழின் பழைய கட்டுரைகளை இணையத்தில் ஏற்ற விரும்பினர். அவை ஏறத்தாழ 4 டெராபைட் அளவுள்ள வருடல் படங்களாக இருந்தன. ஒரே கட்டுரை பல துண்டுகளாகச் சிதறியும் கிடந்தது. துண்டுகளை ஒட்டி, ஒவ்வொரு கட்டுரையையும் படிக்கத்தக்க கோப்பாக மாற்ற வேண்டும். கட்டுரைகளோ ஒரு கோடியே பத்து இலட்சம். 2007ஆம் ஆண்டு அங்கிருந்த மென்பொருளாளர் டெரக் காட்ஃபிரிட், அமேசானிடம் 100 கணினிகளை வாடகைக்கு எடுத்தார். 24 மணி நேரத்திற்குள் வேலை முடிந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நூறு கணினிகள் 24 மணி நேரம் ஓடினால் 2,400 மணி, மணிக்கு 10 சென்ட் வீதம் 240 டாலர். தரவை அனுப்பவும் வைத்திருக்கவும் ஆகும் கட்டணம் தனி. ஒரு நாள் வேலைக்காக நூறு கணினிகளை வாங்கித்தர எந்த நிறுவனமும் ஒப்பியிராது. நூறு கணினிகளின் ஒரு நாள் வாடகையும் ஒரு கணினியின் நூறு நாள் வாடகையும் ஒன்றே என்பதுதான் இதிலுள்ள புதுமை. பணம் மாறவில்லை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலம் மிச்சமாயிற்று.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அனிமோட்டோ என்னும் சிறு நிறுவனம் வேறொரு வகையில் வியப்பளித்தது. ஒளிப்படங்களையும் இசையையும் இணைத்துக் காணொலியாக்கித் தரும் அதன் சேவை ஃபேஸ்புக் வழியே திடீரெனப் பரவியது. ஏறத்தாழ 50 கணினிகளில் இயங்கிவந்த அந்நிறுவனம் சில நாள்களுக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பயன்படுத்த நேர்ந்தது. அலை ஓய்ந்தபின் அவற்றைத் திருப்பித் தந்துவிட்டது. சொந்தமாக வாங்கியிருந்தால் அவற்றை வைக்கக் கட்டடமும் இருந்திராது. பின்னர் வாங்கிய கடனை அடைக்க வழியும் இருந்திராது.

தெரிந்து தெளிவோம்

மேகக் கணிமை மூன்று வகைகளில் வழங்கப்படுகிறது. வெறுங்கணினியும் சேமிப்பிடமும் மட்டும் தருவது உட்கட்டமைப்புச் சேவை. நிரல் எழுதி இயக்குவதற்கான களத்தையும் சேர்த்துத் தருவது தளச்சேவை. பயன்படுத்தத்தக்க முழு மென்பொருளையே தருவது மென்பொருள் சேவை. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் வெளியிட்ட வரையறையில் இப்பகுப்பு இடம்பெற்றுள்ளது.

மென்பொருளும் வாடகைக்கு

மென்பொருளை வாடகைக்குத் தரும் வழக்கம் அமேசானுக்கும் முற்பட்டது. 1999இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம், விற்பனைப் பிரிவுகளுக்கான மென்பொருளைக் குறுவட்டில் விற்காமல் இணையத்தின் வழியே மாதக் கட்டணத்திற்கு வழங்கியது. தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றிச் சென்னையைக் களமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம், 2005இல் 'சோகோ ரைட்டர்' என்னும் இணையவழி எழுத்துச்செயலியை வெளியிட்டது. 2009இல் தன் பெயரையே சோகோ என மாற்றிக்கொண்டது. இது தன் மென்பொருள்களைப் பிறருடைய மேகத்தில் வைக்காமல் சொந்தத் தரவு மையங்களிலேயே இயக்கி வந்துள்ளது. வாடகை எல்லார்க்கும் ஏற்றதன்று. நாள்தோறும் விருந்து சமைப்பவர் அண்டாவைச் சொந்தமாக வாங்குவதே முறை.

மூன்று நாள் நின்ற வணிகம்

சிறு நிறுவனங்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. நாளிதழுக்கோ அது ஒரு நாள் வேலை. வளர்ந்த நிறுவனம் ஒன்று தன் முழு வணிகத்தையும் மேகத்தில் ஏற்றுமா என்பதே அன்று பலரும் கேட்ட கேள்வி. அதற்கு விடை தந்தது நெட்ஃபிளிக்ஸ்.

இன்று இணையவழித் திரைப்படத்திற்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம் அந்நாளில் டிவிடி வட்டுகளை அஞ்சலில் அனுப்பியே பெரும்பொருள் ஈட்டியது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் சொந்தக் கணினி மையத்திலிருந்த தரவுத்தளம் சிதைந்தது. யாருக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்பது அதில்தான் இருந்தது. மூன்று நாள்கள் ஒரு வட்டைக்கூட அனுப்ப இயலவில்லை. வட்டுகள் இருந்தன, உறைகள் இருந்தன, ஊழியர்களும் இருந்தனர். முகவரிகளை அறிந்த கணினி மட்டும் பேசவில்லை.

பெரிய இயந்திரம் ஒன்றை நம்பினால் அது விழும்போது எல்லாம் விழும் என்பதை அவர்கள் கண்டனர். சிறிய பல கணினிகளில் வேலையைப் பகிர்ந்து, எது விழுந்தாலும் மற்றவை தாங்குமாறு அமைக்க முடிவுசெய்தனர். அத்தகைய கட்டமைப்பைத் தாமே கட்டுவதைவிட அமேசானின் மேகத்தில் அமைப்பது மேலெனத் துணிந்தனர். திரைப்படச் சேவையில் அமேசான் அவர்களுக்குப் போட்டியாளர் என்பதை எண்ணினால் அம்முடிவின் கனம் விளங்கும்.

வீடு மாறுபவர் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை அப்படியே வண்டியில் ஏற்றிச் செல்வதுபோல், இருந்த மென்பொருளை அப்படியே மேகத்தில் ஏற்றியிருக்கலாம். அதுவே எளிய வழி. ஆனால் பழைய மென்பொருளோடு பழைய குறைகளும் உடன் வந்திருக்கும். நெட்ஃபிளிக்ஸ் அவ்வழியை விடுத்து, ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியையும் புதிதாக எழுதியது. பெரிய மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்தது. ஊழியர்கள் வேலைசெய்யும் முறையையும் மாற்றியது. 2016ஆம் ஆண்டு சனவரியில் கடைசிக் கணினி மையம் மூடப்பட்டபோது ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. கட்டணக் கணக்கு போன்ற பணம் சார்ந்த பகுதிகளே இறுதியாக இடம்பெயர்ந்தன. மேகத்தில் ஏறுவது ஒரு சொடுக்கில் முடியும் என்று விளம்பரங்கள் கூறிய காலத்தில் ஏழாண்டு உழைப்பு நடந்துகொண்டிருந்தது என்பதை மறக்கலாகாது.

குழப்பக் குரங்கு

மேகத்தில் உள்ள கணினியும் பழுதாகும் என்பதை நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டனர். பழுது வரும்வரை காத்திராமல் தாமே அதனை வரவழைத்தனர். 'குழப்பக் குரங்கு' எனப் பொருள்படும் பெயருடைய ஒரு நிரலை எழுதினர். வேலை நேரத்தில், உண்மையான வாடிக்கையாளர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏதேனும் ஒரு கணினியை எந்த முன்னறிவிப்பும் இன்றி அது நிறுத்திவிடும். சேவை தடைப்பட்டால் பொறியாளர் காரணத்தைக் கண்டறிந்து திருத்த வேண்டும். இரவில் நேரக்கூடிய விபத்தைப் பகலில், எல்லாரும் விழித்திருக்கும்போது ஒத்திகை பார்ப்பதே நோக்கம்.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் அந்த ஒத்திகை கைகொடுத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள அமேசான் மையத்தில் வலையமைப்பின் கொள்திறனைக் கூட்டும் பணி நடந்தபோது, தரவுப் போக்குவரத்து தவறுதலாகக் கொள்திறன் குறைந்த பாதைக்குத் திருப்பப்பட்டது. சேமிப்புக் கணினிகள் தம் படிகளோடு தொடர்பை இழந்தன. இணைப்பு திரும்பியதும் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் புதிய படிகளை உருவாக்க இடம் தேடின. குறுகிய வாயிலில் பெருங்கூட்டம் முண்டியடித்தது போலாயிற்று. ரெடிட், குவோரா, ஃபோர்ஸ்குயர் முதலிய தளங்கள் முடங்கின. பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்த சேமிப்புத் தொகுதிகளுள் 0.07 விழுக்காட்டை மீட்க இயலவில்லை என அமேசான் பின்னர் அறிவித்தது. விழுக்காடு சிறிதுதான், ஆனால் அதற்குள் யாருடைய தரவு இருந்ததோ அவருக்கு அது நூறு விழுக்காடு. நெட்ஃபிளிக்ஸ் பெரிய பாதிப்பின்றித் தப்பியது. எல்லாரும் வாடகைக்கு எடுத்தது ஒரே நிறுவனத்தின் கணினிகளைத்தான்; அவற்றின்மேல் எதை, எப்படிக் கட்டினர் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

சாவி யாரிடம்?

பூட்டிய அறை போனபின் தகவல் தொழில்நுட்ப மேலாளருக்கு வேலை இராது எனப் பலர் கருதினர். நடந்தது வேறு. இயந்திரம் வாங்குவது முன்பு மூலதனச் செலவு. மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை எண்ணிப்பார்த்தால் போதும். இப்போது அது மாதந்தோறும் வரும் நடப்புச் செலவு. யாரோ சோதனைக்காகத் தொடங்கி நிறுத்த மறந்த கணினி, யாருமற்ற அறையில் சுழலும் மின்விசிறி போலக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். கடன் அட்டை வைத்திருக்கும் எந்தப் பிரிவும் மேலாளருக்குத் தெரியாமலே சேவைகளை வாங்கலாம். நிறுவனத்தின் தரவு எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்பது அவருக்கே தெரியாமற்போகலாம். இதற்கு 'நிழல் தொழில்நுட்பம்' என்றே பெயர் ஏற்பட்டது. சேவையகங்களைப் பழுதுபார்த்தவர், சேவைகளையும் ஒப்பந்தங்களையும் உரிமைகளையும் கண்காணிப்பவராக மாறவேண்டியதாயிற்று.

மேகச் சேவை தருவோரும் தம் பொறுப்பின் எல்லையைத் தெளிவாக வகுத்தனர். கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவை அவர்கள் பொறுப்பு. உள்ளே எதை வைப்பது, யாருக்குத் திறந்துவிடுவது, கடவுச்சொல்லை எவ்வாறு காப்பது, படியெடுத்து எங்கே வைப்பது என்பன வாடிக்கையாளர் பொறுப்பு. பாத்திரம் கடைக்காரருடையது, உள்ளே வெந்த சோறு நம்முடையது.

மென்பொருளாளர்கள் எழுதும் நிரல்களைப் பாதுகாத்துத் தந்த 'கோட் ஸ்பேசஸ்' என்னும் நிறுவனத்திற்கு 2014ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நேர்ந்தது இதற்குச் சான்று. அந்நிறுவனம் அமேசானின் மேகத்தில் இயங்கியது. ஊடுருவிய ஒருவர் அதன் மேகக் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகையைக் கைப்பற்றிப் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனத்தார் கடவுச்சொற்களை மாற்றிக் கணக்கை மீட்க முயன்றனர். அதை அறிந்த அவர், கண்ணில் பட்டவற்றையெல்லாம் அழிக்கத் தொடங்கினார். தரவுகளோடு அவற்றின் படிகளும் பெரும்பாலும் அழிந்தன. ஒரே சாவியால் திறக்கும் இடத்தில் இரண்டும் இருந்தன. ஏறத்தாழ 12 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. எஞ்சியவற்றை வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொள்ள உதவுவதாக அறிவித்து, அந்நிறுவனம் தன் தொழிலை மூடியது. அமேசானின் கட்டடத்திலோ இயந்திரத்திலோ நேர்ந்த பழுதால் இது நிகழவில்லை.

கற்பவை கற்றபின்…

உங்கள் பள்ளி அலுவலகத்தில் மாணவர் வருகை, மதிப்பெண் ஆகிய விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, அவற்றின் படி வேறெங்கு உள்ளது, திறக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றை ஆசிரியரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

நாள்தோறும் ஒரே அளவான வேலை உடைய நிறுவனம், ஆண்டில் பத்து நாள் மட்டும் பெருங்கூட்டம் வரும் நிறுவனம் ஆகிய இரண்டில் எதற்குச் சொந்தக் கணினி ஏற்றது, எதற்கு வாடகைக் கணினி ஏற்றது என்பதை வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.